இடைத்தளம் உள்ள ஃபிளாட்டுக்கு என்ன விலை?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் விற்ற ஃபிளாட் மூன்றாவது மாடி. கட்டடத்தின் கடைசி மாடியும் அதுதான். கூடம் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகும். அதில் பாதி இடத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு ஓர் இடைத்தளம், ஏற மரப்படி. விளம்பரத்தில் புரோக்கர் 'லாஃப்ட் ஹவுஸ்' என்று போட்டார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படிக்காகத்தான் வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விலை பேச உட்கார்ந்ததும் படி மறந்துபோனது.

கீழ்வீடு சதுர அடி 5,000 ரூபாய்க்குப் போயிருந்தது. எங்கள் பத்திரத்தில் சூப்பர் பில்டப், அதாவது பொது இடப் பங்கும் சேர்த்த பரப்பு, 1,150 சதுர அடி, ஆக 57.5 லட்சம். இடைத்தளம் தனியாக 180 சதுர அடி இருக்கும். "அதையும் சேத்து 66 கேளுங்க சார், 62-க்கு முடிச்சிடலாம்" என்றார் புரோக்கர். கேட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கமே யாரும் வரவில்லை.

கடைசியில் வாங்கியவர் கடலூர்க்காரர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். அளவு நாடாவோடு வந்தார். 1,150-இல் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைப் பங்கெல்லாம் அடங்கியிருக்கிறது. உள்ளே அளந்தால் 850தான். 2016-இல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டம், உள்ளே புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவாக வரையறை கொடுத்திருக்கிறது: வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்சுவர் சேரும். ஆனால் பழைய வீடு கைமாறும்போது பேச்சு இன்னும் சூப்பர் பில்டப்பில்தான் ஓடுகிறது. அவர் அதைப் பெரிதாக்கவில்லை. "மனையில உங்க பங்கு எவ்வளவு சார்?" என்றுதான் கேட்டார்.

எங்கள் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு, 560 சதுர அடி. அடுத்த தெருவில் இதே அளவு ஃபிளாட்டுக்கு 380தான் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு தேயும், ஏறுவது மனைதான். ஒரே ஏரியாவில் ஒரே சதுர அடி ரேட்டை எல்லா வீட்டுக்கும் போட முடியாததற்கு இதுதான் முதல் காரணம். எங்களுக்குச் சாதகமாக இருந்ததும் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதகம். கடைசி மாடி, சித்திரை வெயில் நேரே தலையில் இறங்கும். மொட்டைமாடி மூலையில் ஈரக்கறை. அப்புறம், இப்போது புதுச்சேரியில் வீடு பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஃபெஞ்சலுக்குத் தண்ணி நின்னுச்சா?" 2024 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே! எங்கள் தெருவில் கார் நிறுத்துமிடம் வரை வந்தது, அதை மறைக்காமல் சொன்னேன்.

58 லட்சத்துக்குப் பேசி முன்பணம் வாங்கி ஒப்பந்தம் போட்டோம். முன்பணம் முழுக்க வங்கி வழியாக. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அவ்வளவு தொகையும் அபராதமாகப் போகலாம்.

சிக்கல் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்த பிறகுதான். மரப்படியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை மனிதர். திட்டக் குழுமம் அங்கீகரித்த வரைபடத்தை விரித்தார். அதில் இடைத்தளம் இல்லை, பத்திரத்திலும் இல்லை. வீடு கட்டி முடித்த பிறகு சேர்த்தது அது. "பேப்பர்ல இல்லாததுக்கு நான் வேல்யூ போட முடியாது சார்." கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் என்று பிடித்து, ஓடிப்போன ஆண்டுகளுக்குத் தேய்மானம் கழித்து, 54 லட்சம் எழுதினார்.

வங்கி, பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு மதிப்பில் 80 சதவீதம். 58 என்றால் 46.4 லட்சம் கிடைத்திருக்கும்; 54 என்பதால் 43.2 லட்சம். நடுவில் 3.2 லட்சம் ஓட்டை. கையிலிருந்து போட வாங்குபவரிடம் அவ்வளவு இல்லை, பதிவுச் செலவும் அவருடையதுதான். கடைசியில் 56.5-க்கு இறங்கினேன், இரண்டு ஏசியையும் விட்டுக்கொடுத்தேன். ஆசைப்பட்டு வருபவரின் விலை வேறு, அவருக்குக் கடன் கொடுப்பவரின் விலை வேறு. கடனில் வாங்குகிற ஊரில் இரண்டாவதுதான் நிற்கும்.

ஜி.எல்.ஆர். என்று இங்கே சொல்லும் அரசு வழிகாட்டி மதிப்பு எங்கள் விலைக்குக் கீழே இருந்ததால் தொல்லை இல்லை. அது விற்ற விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், கைக்கு வராத பணத்துக்கும் வருமான வரிக் கணக்கு போட்டிருப்பார்கள். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், சங்கத்தின் பாக்கி இல்லை கடிதம், வீட்டு வரி ரசீது எல்லாம் தயாராக இருந்ததால் 2025 செப்டம்பரில் உழவர்கரை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு சுலபமாக முடிந்தது. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்கியவர் ஒரு சதவீதம், 56,500 ரூபாய், டி.டி.எஸ். என்று எனக்குத் தர வேண்டியதிலிருந்தே வரியாகப் பிடித்துக் கட்டினார்.

வரிக் கணக்குதான் எனக்கே வியப்பு. 2012 ஆகஸ்டில் வாங்கியது 36 லட்சத்துக்கு. நேரடி லாபம் 20.5 லட்சம், புது முறைப்படி 12.5 சதவீதம் போட்டால் இரண்டரை லட்சத்துக்கு மேல் வரி. ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் பழைய முறையையும் பார்க்கலாம்: விலைவாசிக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்தி, 20 சதவீதம். 2012-13-க்குக் குறியீடு 200, 2025-26-க்கு 376. என் 36 லட்சம் 67.68 லட்சமாகிறது. விற்றதோ 56.5. ஆக வரி இல்லை. சந்தோஷம்தான், ஆனால் பதின்மூன்று வருஷத்தில் விலைவாசியைக்கூட வீடு எட்டிப் பிடிக்கவில்லை என்பதும் அதே கணக்குதான்.

மின் இணைப்புப் பெயர்மாற்றம் ஆகிவிட்டது. சங்கத்தில் நாங்கள் ஆரம்பத்தில் கட்டிய வைப்புத்தொகை எனக்குத் திரும்புமா, வீட்டோடு அவருக்குப் போகுமா என்று மட்டும் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.