ஓம் கணக்கைப் பார்த்துப் பிரிட்ஜ் பிக்கப் வாங்காதீர்கள்

மின்கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுகிற காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்ததுதான் பிக்கப்; தந்திகள் உடலில் தங்குகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். பிக்கப் விற்கிற எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓம் கணக்குத்தான், அதாவது சுருளின் மின்தடை. இது 8 கிலோ ஓம், அது 16 கிலோ ஓம். கூடின எண் என்றால் கூடின சத்தம் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த எண் சுருளில் எவ்வளவு நீளச் செம்புக் கம்பி இருக்கிறது, அது எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே சொல்லும். வழமையான 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 44 கேஜ் சுற்றினால், சுற்று எண்ணிக்கை மாறாமலே ஓம் ஏறிவிடும். காந்தம் என்ன என்பதை அது சொல்லவே சொல்லாது. சூடும் எண்ணை மாற்றும்: செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 பாகையில் 8.0 காட்டின பிக்கப் மட்டக்களப்பு வெயிலில், 32 பாகையில், 8.4 அளவில் காட்டும். அதற்காக விற்றவருடன் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஒரே வகைப் பிக்கப்புகளை ஒப்பிடும்போது மட்டும் ஓம் கொஞ்சம் உதவும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வருகிற ஸ்ட்ராட் வகை ஒற்றைச் சுருள் 6 கிலோ ஓம் அளவில் இருக்கும். பழைய பாணி ஹம்பக்கர் (இரைச்சலை அடக்க இரண்டு சுருள் சேர்த்தது) 7.5 முதல் 8.5 வரை. 14க்கு மேலே போனால் அது கூடின வெளியீட்டுக்குச் சுற்றினது. நடுத்தொனி தடிக்கும், மேல்தொனி மங்கும். சுருளின் இண்டக்டன்ஸை (ஹென்றியில் அளக்கிற மின்தூண்டல் அளவு) குறிப்பில் போட்டிருந்தால் ஓமைவிட அதைத்தான் நான் நம்புவேன். ஸ்ட்ராட் வகைக்கு 2.5 ஹென்றி அளவு, பழைய பாணி ஹம்பக்கருக்கு 4 முதல் 4.5, கூடின வெளியீட்டுக்குச் சுற்றினதுகளுக்கு 7, 8. எண் ஏற ஏறச் சத்தம் இருளும்.

பிரிட்ஜ் பக்கத்தில் தந்தி குறைவாகத்தான் அசையும். அதனால் அந்த இடத்துப் பிக்கப் இயல்பிலேயே மெலிவாகவும் கூர்மையாகவும் கேட்கும். உற்பத்தியாளர்கள் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் கொஞ்சம் கூடச் சுற்றுவது இதற்காகத்தான். என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதை இங்கேதான் யோசிக்க வேண்டும். பைலாவுக்கும் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கும் வெட்டி வெட்டி அடிக்கிற தாளக் கிட்டாருக்கு அந்தக் கூர்மை வேண்டும். அல்னிகோ 5 என்கிற கலப்பு உலோகக் காந்தமுள்ள 6 முதல் 7 கிலோ ஓம் ஒற்றைச் சுருள் தாராளம். சினிமாப் பாட்டுக்குச் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டோர்ஷன் பெடல் போட்டு லீட் எடுக்கிறவருக்கு 8 முதல் 9 கிலோ ஓம் அல்னிகோ ஹம்பக்கரே போதும். மிச்சத்தைப் பெடல் பார்த்துக்கொள்ளும். பெடலால் கூட்டலாம், சுருள் விழுங்கின மேல்தொனியைத் திருப்பி எடுக்க முடியாது.

கோயில் திருவிழா மேடையில் வாசிக்கிற கிட்டார் என்றால் என் தீர்ப்பு ஹம்பக்கர்தான். ஜெனரேட்டர், டிம்மர் போட்ட அலங்கார விளக்கு, மேடைக்குக் கீழே ஓடுகிற வயர் எல்லாம் சேர்ந்து ஒற்றைச் சுருளில் இரைச்சலாக ஏறும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சலும் அதன் மடங்கான 100உம் தெளிவாகக் கேட்கும். உடலில் ஒற்றைச் சுருளுக்கு மட்டும்தான் குழி இருக்கிறது என்றால் மரத்தை உளி கொண்டு தோண்டத் தேவையில்லை. ஒற்றைச் சுருள் அளவிலேயே இரட்டைத் தகடு வைத்த ஹம்பக்கர்கள் இருக்கின்றன, அதே துளையில் பூட்டலாம். தகட்டு வகையில், கோல்கள் தந்திகளுக்கு நேரே வருமா என்ற தந்தி இடைவெளிக் கவலையும் இல்லை.

முழு அளவு ஹம்பக்கர் என்றால் பணம் கட்டுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். பிக்கப் வரப்போகிற இடத்தில் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடுவரை. 49, 50 மி.மீ. என்றால் கிப்சன் இடைவெளி. 52, 53 என்றால் ஃபெண்டர் இடைவெளி; விற்பவர்கள் எஃப் ஸ்பேஸ் என்பார்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது, மூன்று என்றால் ஓரத் தந்திகள் மெலியும். குழியின் ஆழத்தையும் பாருங்கள். ஹம்பக்கரின் இரு பக்கக் கால்களும் உயரம் திருத்துகிற ஆணிகளும் கீழே இறங்க இடம் வேண்டும். மலிவுக் கிட் உடல்களில் அதிகம் இடிப்பது அங்கேதான்.

பொட், அதாவது சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கிற திருகி, சரியில்லாவிட்டால் நல்ல பிக்கப்பும் வீண். ஒற்றைச் சுருளுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. ஹம்பக்கரை 250இல் பூட்டினால் போர்வைக்குள் இருந்து கதைப்பது மாதிரி இருக்கும். ஒற்றைச் சுருளை 500இல் பூட்டினால் காதைக் கிழிக்கும். பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் பொட்டே கிடையாது. "பிரிட்ஜ் கீச்சிடுது" என்று புதுப் பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் சுவிட்சைத் திறந்து பார்க்க வேண்டும். சுவிட்சின் டோன் பக்கத்தில் நடுப் பிக்கப்பின் காலிலிருந்து, வெறுமையாக நிற்கிற பிரிட்ஜ் காலுக்கு ஒரு துண்டு வயர். செலவு அவ்வளவுதான்.

நாலு வயர் ஹம்பக்கரில் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு வெளியீடு, பச்சை ஏர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி மூட வேண்டும். டிமார்சியோவில் சிவப்பு வெளியீடு, பச்சை ஏர்த், கறுப்பும் வெள்ளையும் ஒன்று சேரும். ஒன்றின் படத்தை வைத்து மற்றதைப் பூட்டினால் சத்தம் அரைவாசியாகும், இல்லாவிட்டால் வராமலே போகும்.

ஈயம் வைக்க முன்பே ஃபேஸை, அதாவது இரண்டு பிக்கப்பின் சைகையும் ஒரே திசையில் போகிறதா என்பதை, சோதிக்கலாம். மல்டிமீட்டரை 20 கே அளவில் வைத்து, பிக்கப்பின் வெளியீட்டில் சிவப்பு முனை, ஏர்த்தில் கறுப்பு முனை. ஸ்க்ரூட்ரைவரைக் காந்தங்கள்மேல் தட்டையாக வைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். நடுப் பிக்கப்பிலும் அதே திசையில் போக வேண்டும். எதிர்த்திசை என்றால் இரண்டும் சேர்கிற இடத்தில் சத்தம் தகரமாகிவிடும். புதியதின் வெளியீட்டையும் ஏர்த்தையும் மாற்றிப் பூட்டுங்கள். உலோக மூடியுள்ள இரண்டு வயர்ப் பிக்கப் என்றால், மூடியின் ஏர்த்தைத் தனியாகப் பிரித்த பிறகுதான் அதைச் செய்யலாம்.

பூட்டி முடிந்ததும் தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். குறையாவிட்டால் தந்திகளை ஏர்த்துடன் இணைக்கிற ஸ்பிரிங் பக்கத்து வயர் விட்டிருக்கிறது. கூடினால் ஜாக்கில் வெளியீடும் ஏர்த்தும் மாறியிருக்கிறது. ஏர்த் இல்லாத பிளக்கில் ஆம்பைப் போட்டு மைக்கில் உதட்டை வைக்கிற பழக்கம் இருந்தால் ஷாக் அடிக்கலாம், முதலில் பிளக்கைத் திருத்துங்கள்.

கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று மாதிரிக் கடலோர ஊர்களில் துருவும் ஒரு கணக்கு. காந்தக் கோல்களின்மேலேயே நேரடியாகக் கம்பி சுற்றிய பழைய பாணி ஒற்றைச் சுருளில், துரு உள்ளே போய்ச் சுருளை அறுத்துவிடும். மீட்டர் ஒன்றும் காட்டாது, பிக்கப் செத்துவிட்டது. மெழுகில் தோய்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். கோல் தலைகளில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சுப் போதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

கடைசியில் உயரம். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையே மெல்லிய பக்கம் 1.6 மி.மீ., தடித்த பக்கம் 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து உயர ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக் கீழே இறக்கி, நடுப் பிக்கப்புக்கு மாற்றும்போது சத்தம் துள்ளாத இடத்தில் விட்டுவிடுங்கள்.