நீலாங்கரையிலிருந்து பந்திங்குக்கு

பந்திங்கில் இருக்கிறேன் என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும், "அது கோலாலம்பூர்தானே?" என்கிறார்கள். இல்லை. சிலாங்கூர் மாநிலத்தில் கோல லங்காட் மாவட்டத்து ஊர் இது. சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். தென்மேற்கே மோரிப் கடற்கரை, கிழக்கே விமான நிலையம் இருக்கும் சிப்பாங், வடக்கே கிள்ளான். தலைநகருக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடலும் பக்கம், மாநகரமும் பக்கம். சென்னையில் நான் விட்டுவந்த நீலாங்கரையும் அப்படித்தான். ஆனால் இரண்டு ஊரிலும் வாழ்ந்து பார்த்தவளுக்கு, கடலோரத்தில் வீடு என்பதன் பொருள் ஒன்றாக இல்லை.

அப்பா நீலாங்கரையில் ஒரு கிரவுண்டு வாங்கிய காலத்தில் அங்கே சவுக்குத் தோப்பும் மணலும்தான். வங்கிச் சம்பளக்காரரால் அப்போது வாங்க முடிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது, பழைய மாமல்லபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன, மனை விலை கோடிக்குப் போனது. எங்கள் தெருவில் இரண்டு ஆள் உயரச் சுவர்களும் கேமராக்களும் எழுந்தன. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது காவலாளியைக் கேட்டால்தான் தெரியும். நடுவில் மீனவர் குப்பம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நெருக்கப்பட்டு. வலை காயப்போட்ட இடத்தில் கார் நின்றது. கடலுக்குப் போகும் சந்துகள் ஒவ்வொன்றாகக் கேட் போட்டு அடைபட்டன.

அந்தக் கடற்கரையை எனக்கு உண்மையாகக் காட்டியது ஆமைகள்தாம். 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கல்லூரி நாள்களில் நானும் அவர்களோடு நடந்திருக்கிறேன். பங்களாக்களின் விளக்கொளி மணல்மேல் விழ, கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் குஞ்சுகள் வீடுகளை நோக்கி ஊர்ந்துபோகும். அவற்றை அள்ளி அலையருகே விடுவோம். குப்பத்து அண்ணன்மார் தடம் பார்த்து எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார்கள். கடல் அவர்களுக்குத் தெரிந்த அளவு பங்களாக்காரர் எவருக்கும் தெரியாது.

கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில் நான் முதலில் பார்க்கக் கேட்டதும் கடலைத்தான். மோரிப்புக்கு அழைத்துப்போனார் என் கணவர். அலையே இல்லை. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருக்க, எதிரே பழுப்புச் சேறும் ஓரத்தில் கண்டல் மரங்களும். கிள்ளான் துறைமுகப் பக்கம் பெரிய ஓதத்தில் நீர் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம். இது மலாக்கா நீரிணை, எதிரே சுமத்ரா. சூரியன் கடலில் உதிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே அது கடலில் இறங்குகிறது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷாரின் இந்தியப் படைகள் இதே மோரிப்பில் வந்திறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் சுட ஆளில்லை. மாமா, என் கணவரின் அப்பா, தன் அப்பாவிடம் கேட்ட கதையாக இதைச் சொல்வார். சொல்லி முடித்ததும், ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்த் திரும்பாத தன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வார். படை வந்தும் அவர் வரவில்லை என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

மாமாவும் அத்தையும் கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பெயர் தீவுதான், ஆனால் பாலம் கடந்து காரிலேயே போகலாம். கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர் அது. கண்டல் காட்டை அழித்து, கடல் நீர் ஏறாதபடி மண் அணை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து உண்டாக்கிய பூமி. அந்த மண்ணில் நடக்கும்போதெல்லாம் இதை வெட்டியவர்கள் யார் என்ற நினைப்பு எனக்கு வரும். அங்கே நம்மவர்களுக்கும் முந்தியவர்கள் மா மெரி பூர்வகுடியினர். அவர்கள் செதுக்கும் மரமுகமூடிகளைப் பார்க்க இன்றும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

மாமா குலை வெட்டினார். நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து மட்டையை அறுத்துக் குலையை இறக்க வேண்டும். ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும். வெட்டிய பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் தரம் கெடும், அதனால் மழையென்றும் வெயிலென்றும் பார்க்க முடியாது. அவர் கழுத்து இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது, குனிந்து சாப்பிட்டால் வலிக்கும். அத்தை உதிரிப்பழம் பொறுக்கினார், பிறகு முதுகில் மருந்துத் தோம்பு கட்டிக் களைக்கு மருந்தடித்தார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான் மருந்து. 2020 ஜனவரி முதல் அதை மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். அத்தையின் விரல் நகங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன. மாவு பிசையும்போது அந்தக் கைகளைப் பார்த்து எனக்கு வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

ஊருக்குப் பழகியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு எளிதாக நடந்தது. மனைவிக்கான விசாவைப் புதுப்பிக்க அவ்வப்போது வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், குடிவந்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா, "பசியாறியாச்சா தங்கச்சி?" என்று கேட்டபடி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பக்கத்து மலாய்க்காரப் பாட்டி பெருநாளுக்கு மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு தருகிறார், நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு தருகிறோம். சேலை, பூ, வெற்றிலைக்குக் கிள்ளானில் தெங்கு கிளானா சாலை இருக்கிறது. தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மகள் அங்கேதான் படிக்கிறாள். அவள் வகுப்பில் அறிவியலைத் தமிழில் சொல்வதைக் கேட்டு அப்பா தொலைபேசியிலேயே கண் கலங்கினார். சென்னையில் என் அண்ணன் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவராது.

பழகாத ஒன்று, தோட்டத்து வீடு. லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். மாமாவுக்கு அந்த வீட்டில்தான் தொப்புள்கொடி விழுந்தது, அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. வாசலில் அவர் நட்ட மாமரம்கூட அவருடையது இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த டெரஸ் வீட்டுக்குக் கணவர் கடன் கட்டத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குடும்பத்துக்கென்று முதல் கிராண்ட், நம் ஊர்ப் பட்டா மாதிரி, வந்தது. அதன் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார் அத்தை.

எங்கள் குடும்பம் தப்பியது. தப்பாதவர்கள் அதிகம். இன்றைய ஷா ஆலாம் நகரம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா இருக்கும் இடம் சீபீல்டு தோட்டம். அரசு அலுவலகங்களின் நகரமான புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மேல். அங்கிருந்து கிளப்பப்பட்டவர்களை டிங்கில் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவர்கள் விரிசல் விட்ட அந்த வீடுகளில் இருந்துகொண்டு, தரை வீடு கேட்டு அந்த மக்கள் காத்திருந்தது பல வருஷக் கதை. டிங்கில் இங்கிருந்து அதிக தூரமில்லை, எங்கள் உறவுக்காரர்கள் அங்கே இருந்தார்கள். கேரித் தீவிலும் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு பல காலமாக உண்டு. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நிலத்தின் மதிப்பு எவ்வளவு ஏறும் என்று பத்திரிகையில் கணக்குப் போடுகிறார்கள். லயத்தில் மிச்சமிருக்கும் வீடுகளில் கணக்கு வேறு: எங்கே போவது, கோயிலை எங்கே கொண்டுபோவது, பள்ளிக்கூடம் என்னாகும்.

நீலாங்கரையில் நிலம் விலையேறுவதைப் பற்றி எங்கள் வீட்டில் மகிழ்ச்சியாகத்தான் பேசிக்கொள்வோம். அங்கே எங்கள் கையில் பட்டா இருந்தது. அதே விலையேற்றத்தைக் குப்பத்து வாசலில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைச் செம்பனைத் தோட்டத்து மாமா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகே நான் அறிந்தேன். கடலை நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் சென்னைக் குப்பங்கள் பலவற்றில் இன்னும் பட்டா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்டு வாங்கிய வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு என்பதை இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகளில் சில. முன்னின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மாமா சைக்கிள் விஷயத்தைச் சொல்லும்போது தன் மோட்டார் சைக்கிளைத் தட்டிக் காட்டுவார். மகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

அண்ணன் நீலாங்கரை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிடலாம் என்கிறான். என் கையெழுத்தும் வேண்டுமாம். வீட்டை ஒட்டிக் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு கடற்கரையிலிருந்து ஏறிவரும் நடைபாதை ஒன்று இருக்கிறது. அதை அடைக்கமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதினால் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா என் பக்கம் நிற்கிறார்.

வரும் பொங்கலுக்கு மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போகிறேன். பாட்டன் காலத்தில் சேலத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். மாமா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. மருந்தீசுவரர் கோயில், மாமல்லபுரம் என்று அத்தை பட்டியல் போடுகிறார். மாமாவுக்குக் குப்பத்து ஆட்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். சங்கம் உண்டா, தலைவர் யார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வீட்டுக் கிராண்ட் யார் பேரில் இருக்கிறது என்று அவர் கேட்கப்போகும் கேள்விகளை இப்போதே என் மகளிடம் சொல்லி நோட்டில் எழுதவைத்திருக்கிறார்.