கொத்தனாரும் கடாரத்து அரசனும்

வரலாற்று ஐயா தவறிவிட்டார் என்று நம் பழைய மாணவர் குழுவில் செய்தி வந்த மறுநாளே, நினைவு மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார் சங்கச் செயலர். ஐயா என்றால் எனக்குச் சூடாமணி விகாரம்தான்.

பாடப்புத்தகத்தில் அது ஒரே வரி. ஐயா ஒரு வாரம் நடத்துவார். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நம் நாகையில் எழுப்பிய பௌத்தப் பள்ளி. 1006 வாக்கில் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாகக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் வெட்டுவித்த மகன் ராஜேந்திரனே 1025-இல் கடாரத்தின் மேல் படையெடுத்தான். "அப்பன் கொடுத்தான், மகன் அடித்தான், எழுதிக்கோ" என்பார். அந்த 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போன கதை வந்தால் அடுத்த பீரியடும் போச்சு.

மேருவையே குள்ளமாக்கிய உயரம் என்கிறது செப்பேடு. 1846-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்தபோது மிஞ்சியிருந்தது முப்பதடிக் கோபுரம்: நாற்சதுரம், மூன்று நிலை, பக்கத்துக்கொரு திறப்பு, சாந்தே இல்லாமல் இழைத்து அடுக்கிய செங்கல்.

"சாந்தில்லாமல் எப்படி நிற்கும்?" என்று யாரோ கேட்டான். மதில் வேலைக்கு வந்த செங்கல் மைதானத்தில் கிடந்தது. ஐயா எல்லாரையும் அங்கே ஓட்டிப்போய், "டேய், உங்கப்பா கொத்தனார்தானே, நீ வா" என்றார். அதுவரை வகுப்பில் அது யாருக்கும் தெரியாது. சிரிப்பு அடங்கவே இல்லை. காது எரிய, மூட்டு மாற்றி மாற்றி இடுப்புயரம் அடுக்கினேன். ஐயா கையால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "பார்த்தீங்களாடா" என்றார். அவருக்கு அது பாராட்டு. உங்களுக்கு நான் அன்றிலிருந்து கொத்தனார், இன்றைய வாட்ஸாப் வரை. சரி, போகட்டும்.

அந்தக் கோபுரத்தை 1867-இல் பாதிரியார்கள் கல்லூரிக் கட்டடத்துக்காக இடித்தார்கள். மண்ணில் கிடைத்த புத்தர் படிமங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான் பிழைக்க வந்து சேர்ந்ததோ அதே கடாரத்துக்கு, சுங்கைப்பட்டாணிக்கு. பக்கத்தில்தான் பழங்காலக் கட்டட எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே செங்கல் அடித்தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஐயாவை ஒருமுறை கூட்டிவர வேண்டும் என்று நினைப்பேன். டிக்கெட் விலையும் விசாரித்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அவர் பெயரில் வளைவு கட்டலாம் என்கிறது சங்கம். வளைவு வேண்டாம். அந்தப் பணத்தில் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பை எழும்பூருக்கு ஒரு வேன் வைத்துக் கூட்டிப்போங்கள். என் பங்கை அனுப்பிவிடுகிறேன். கூடவே வருகிறேன் என்று எழுதத்தான் கை வரவில்லை.