அருங்காட்சியகப் பொருளை இயங்கலைப் பாடமாக்கப் போகிறீர்களா? முதலில் நன்கொடைக் கடிதத்தைக் கேளுங்கள்

பினாங்கின் பங்சாவான் என்னும் மலாய்ப் பாட்டு நாடக மேடை பற்றியும் அதே ஊரில் நடந்த தமிழ் நாடகங்கள் பற்றியும் எங்கள் நாடகக் குழு தயாரித்த காணொளிப் பாடங்கள் ஒருவழியாக இயங்கலையில் (ஆன்லைனில்) ஏறிவிட்டன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் வகுப்பில் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கிறது. ஆனாலும் நடுவில் பட்ட அலைச்சல் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பொருள்கள் ஜார்ஜ்டவுனில் உள்ள ஓர் அரங்கக்கலை அருங்காட்சியகத்தினுடையவை. பெயர் வேண்டாம். பழைய நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், உடைகள், படங்கள், இசைத்தட்டுகள், காலால் மிதித்து வாசிக்கும் ஒரு பெடல் ஆர்மோனியம் என்று நல்ல சேகரிப்பு. படம்பிடித்து இயங்கலையில் போடலாமா என்று தொடக்கத்திலேயே எழுதிக் கேட்டோம். தாராளமாகச் செய்யுங்கள் என்று கடிதமும் வந்தது. எந்தப் பாடம் எந்த வகுப்பின் கலைத்திட்டத்தோடு ஒட்டும் என்பதை ஓர் ஆசிரியை பார்த்துக் கொடுத்தார். எழுத்து, படப்பிடிப்பு, வெட்டி ஒட்டுவது எதிலும் சிக்கல் இல்லை.

முதல் பாடம் சுலபமாக வெளிவந்தது. 1870களில் இங்கே வந்து போன பார்சி நாடகக் குழுக்கள், அவர்களைப் பார்த்து 1885இல் மாமாக் புஷி தொடங்கிய பங்சாவான் குழு, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் திரைக்கு முன்னால் நடக்கும் ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ ஆட்டபாட்டம், மேடையில் ஆர்மோனியத்தின் வேலை. இதில் காட்டிய உடைகளும் ஆர்மோனியமும் அருங்காட்சியகம் காசு கொடுத்து வாங்கியவை. ரசீது இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவதை ஏற்றப்போகும் நேரத்தில் போன் வந்தது: “நிறுத்தி வையுங்கள்.”

பொறுப்புக்குப் புதிதாக வந்த அதிகாரி கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்தப் பாடத்தில் வரும் படங்களும் நோட்டீஸ்களும் 1990களில் ஒரு குடும்பம் நன்கொடையாகக் கொடுத்தவை. கடிதத்தில் ‘மண்டபத்தில் காட்சிக்கு வைக்க’ என்று மட்டும் இருக்கிறது. இயங்கலை என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் நினைத்திருப்பார்கள்? சில படங்களுக்கு அந்தக் கடிதம்கூட இல்லை. எங்களுக்குச் சம்மதக் கடிதம் கொடுத்தவர்கள் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கோப்பை ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

நேரில் போனேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி நம் ஆள்தான். “கொடுத்தவங்ககிட்ட புது சுராட் வேணும் அண்ணே.” சுராட் என்றால் கடிதம். கொடுத்தவர் காலமாகிவிட்டாரே என்றேன். “அப்போ வாரிசு.” வாரிசு யார், எங்கே இருக்கிறார்கள்? “அது நீங்கதான் கண்டுபிடிக்கணும்.” பதிவேட்டிலிருந்து பெயர், பழைய முகவரி இரண்டையும் எழுதித் தரக் கேட்டேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மறுத்துவிட்டார். சட்டம் சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதும் கடிதத்தை அவர்களே அந்த முகவரிக்கு அனுப்பலாம் என்ற யோசனையை யாரும் சொல்லவில்லை. அதை நானே கேட்ட பிறகுதான் உள்ளே போய் விசாரித்துவிட்டுச் சரி என்றார்கள். உங்களுக்கும் இதே பதில் வந்தால் உடனே இந்த வழியைக் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. படம் அருங்காட்சியகத்தின் அலமாரியில் இருக்கலாம். அதன் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது, அவருக்குப் பிறகு வாரிசுகளுடையது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது செல்லும். எனவே வாரிசைத் தேடுமுன் எடுத்தவர் யார், எப்போது மறைந்தார் என்று விசாரியுங்கள். ஒரு படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தது. கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. படம் எடுத்தவர் எப்போது மறைந்தார் என்று சொல்ல ஆளில்லை. 50 ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? அந்தப் படத்தை நீக்கிவிட்டு, உடையைப் பார்த்து ஒரு மாணவி வரைந்த ஓவியத்தைப் போட்டோம். பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடித்திருக்கிறது என்று கேள்வி.

அருங்காட்சியகம் பழைய முகவரிக்கு அனுப்பிய என் கடிதம் திரும்பி வந்தது. அப்புறம் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், கோயில் நிர்வாகத்துப் பெரியவர்கள் என்று வாய்வழியாக விசாரித்து, கொடுத்தவரின் தங்கை பட்டர்வொர்த்தில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். எண்பதைத் தாண்டிய அம்மா. கண் மட்டும் நல்ல கூர்மை. டேப்லெட்டில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். சேலையும் நெற்றிச்சுட்டியும் அணிந்து, ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்கும் ஒரு படம். அருங்காட்சியகப் பட்டியலில் அதற்கு ‘இந்திய நடன மாது’ என்று பெயர். எங்கள் குரல் பதிவிலும் அப்படியே சொல்லியிருந்தோம். அம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கி மணிக்கட்டைக் காட்டினார்.

“கைக்கடிகாரத் தழும்பு தெரியுதா? இது எங்கப்பா. ஸ்திரீபார்ட்டு கட்டுவாரு. எங்க சித்தப்பா எடுத்த படம் தம்பி.”

வளையலுக்குச் சற்று மேலே வெளிறிய ஒரு பட்டை. அத்தனை நாள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் எங்களில் யார் கண்ணிலும் அது படவில்லை. அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பெண் வேடங்களை ஆண்களே கட்டிய காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? அந்தப் பாடத்தையே திருப்பி எழுதினோம். அருங்காட்சியகமும் பட்டியலைத் திருத்திவிட்டது. சம்மதக் கடிதத்துக்கான தாமதத்தை நினைத்து அவ்வளவு கோபப்பட்டேன், ஆனால் அந்தத் தாமதம் இல்லையென்றால் ஓர் ஆண் நடிகரைப் பெயரில்லாத மாது என்றே உலகத்துக்குச் சொல்லியிருப்போம் என்று நினைக்கும்போது பதறுகிறது.

படத்தை எடுத்தவர் சித்தப்பா என்பதால் அவருடைய பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஈப்போவில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், உடனே போட்டுத் தந்தார்கள். கடிதம் பற்றி ஒரு குறிப்பு. அலுவலகத்துக்கு மலாய் வேண்டும், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஒரே தாளில் இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் தமிழ் என்று அடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரே இடம் விடுங்கள். தனித்தனித் தாள் என்றால் எது மூலம் என்ற கேள்வி வரும். இயங்கலையில் வெளியிடலாம், எந்த நாட்டிலும் பார்க்கலாம், தேவைப்பட்டால் வெட்டிப் பயன்படுத்தலாம், பள்ளிகள் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நடிகரின் முழுப் பெயரும் திரையில் வரவேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. அதையும் கடிதத்திலேயே சேர்த்தோம்.

இடையில் ஒரு பழைய படச்சுருளுக்காகக் கோலாலம்பூர் போனதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வாருங்கள் என்று போனில் சொன்னவர் அன்று விடுப்பில். மற்றவர்கள், முன்கூட்டியே படிவம் நிரப்பி அனுப்பாமல் எதையும் காட்ட முடியாது என்றார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், திரும்பி வர அதே நான்கு மணி நேரம். போனில் வாங்கும் சம்மதத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். மின்னஞ்சலில் ஒரு வரியாவது வாங்குங்கள்.

கடைசிச் சிக்கல் இசைத்தட்டு. அருங்காட்சியகம் வைத்திருந்த பதிவில் இரைச்சல்தான் முன்னால் நின்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறக்குறைய மூன்று மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிற்கால எல்பி தட்டுக்கான மெல்லிய ஊசி போட்டால் அடியில் கிடக்கும் தூசியையும் கீறலையும்தான் உரசிக்கொண்டு போகும். சரியான ஊசி வைத்திருந்த ஒருவரிடம் திரும்பப் பதிவு செய்ததும் பின்பாட்டுக்காரரின் குரல்கூடத் தனியாகக் கேட்டது. ஆனால் யூடியூபில் ஏற்றியதும், பதிப்புரிமையுள்ள ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொண்டது. மலேசியாவில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டு, அது எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியாவில் 60. பாட்டு எழுதியவரின் உரிமையோ தனிக் கணக்கு, அங்கே வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். அந்தத் தட்டில் பாடலாசிரியர் பெயரே இல்லை. ஆட்சேபித்தால் உரிமை கோருபவர் பதில் சொல்ல 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். பள்ளித் தவணைக்கு நடுவில் அதற்கெல்லாம் காத்திருக்க முடியுமா?

அதனால் பாட்டையே மாற்றினோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர். அவர் வரிகளுக்கு இங்கேயும் சரி, இந்தியாவிலும் சரி, உரிமைக் காலம் முடிந்து பல காலம் ஆகிறது. அவருடைய நாடகப் பாட்டு ஒன்றை எங்கள் குழுப் பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவு செய்தோம். அருங்காட்சியகத்து ஆர்மோனியத்தைத் தொட விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. வேறொரு பெட்டியை இரவல் வாங்கினோம். 78 தட்டின் ஒலி பத்து விநாடிகூட இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அதை அருங்காட்சியக மண்டபத்தில் ஹெட்போன் போட்டுக் கேட்கலாம், பாடத்தின் முடிவில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

நன்கொடைப் படிவத்தில் இயங்கலைப் பயன்பாட்டுக்கு ஒரு தனிக் கட்டம் சேர்த்திருப்பதாகப் புதிய அதிகாரி சொன்னார். பழைய கோப்புகளுக்கு அது உதவாது. நீங்கள் போகும் இடத்தில் என்ன பொருளைப் பார்த்து ஆசைப்பட்டாலும், கேமராவை எடுக்கும் முன் அந்தப் பொருளின் பதிவு எண்ணைச் சொல்லி நன்கொடைக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். ‘இருக்கிறது, அப்புறம் தருகிறோம்’ என்றால் வாங்கும்வரை படம்பிடிக்கத் தேதி குறிக்காதீர்கள்.