ஹெட்போன் வயரும் காந்தமும்: திருகோணமலையில் செய்து பார்த்தவை

கழுத்தில் தொங்கவிடும் இயர்போன்களின் முதுகில் இப்போது காந்தம் இருக்கிறது. வயரைச் சட்டையோடு பிடித்து வைக்கும் கொழுவியிலும், மின்னேற்றும் வயர்களின் நுனியிலும் அது வந்துவிட்டது. கூடவே, காந்தம் பட்டால் ஹெட்போன் வயர் கெட்டுவிடும் என்ற பேச்சும் பரவியிருக்கிறது. கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் அண்ணன் ஒருவர், "தம்பி, காந்தத்துக்குப் பக்கத்தில வயரச் சுத்தி வைக்காத, சத்தம் மெலிஞ்சு போகும்" என்று உறுதியாகச் சொன்னார். பழைய ஹெட்போன்களைப் பிரித்துத் திருத்துவது என் பொழுதுபோக்கு என்பதால், இதை மேசையில் வைத்து அளந்தே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஏற்பாடு எளிமையானது. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து 1,000 ஹேர்ட்ஸ் தொனியொன்றை அனுப்பி, அது சோதனைக்குரிய வயர் வழியாகச் சென்று, ஹெட்போனுக்குப் பதிலாக வைத்த 32 ஓம் தடையொன்றில் விழும்படி செய்து, அத்தடையின் இரு முனைகளிலிருந்தும் எடுத்த சைகையை வெளி ஒலியட்டை ஒன்றின் உள்ளீட்டுக்குக் கொடுத்து, ஓடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்தேன். பழுதான வன்தட்டு ஒன்றிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தங்களை வயரின் மேல் ஒட்டவைத்தும் எடுத்தும் மாறி மாறிப் பதிந்தேன். இத்தகைய காந்தத்தின் மேற்பரப்பில் புலம் ஒரு தெஸ்லாவின் (தெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) பத்தில் சில பங்கு இருக்கும். நாம் நடமாடும் இடத்தில் பூமியின் புலமோ ஏறத்தாழ 40 மைக்ரோதெஸ்லாதான். (திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும்; இந்தச் சோதனைக்கு அது தேவையில்லை என்றாலும், ஊசியைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

அசையாத காந்தம் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. தொனியின் அலை உயரமும் அதன் மேற்சுரங்களும் காந்தம் இருந்தபோதும் இல்லாதபோதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. செப்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் அல்ல. நிலையான புலம் ஒரு கம்பியில் மின்னியக்க விசையைத் தூண்டுவதும் இல்லை. பாயம், அதாவது கம்பித் தடத்தின் ஊடாகச் செல்லும் காந்தப்புலத்தின் அளவு, மாறினால்தான் தூண்டல் உண்டு என்பதை மைக்கல் பரடே 1831 இலேயே காட்டிவிட்டார். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும் என்பது உண்மை. ஆனால் 3 மில்லியம்பியர் ஓடும் கம்பியின் 2 சென்ரிமீற்றர் நீளத்தை 0.3 தெஸ்லா புலத்தில் வைத்தால் வரும் விசை 2 மில்லிகிராம் நிறைக்கும் குறைவான எடைக்கே சமம். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அருகருகே ஓடுவதால் அதுவும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது.

காந்தத்தை அசைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் முதலில் கணக்குப் போட்டேன். இரு கம்பிகளுக்கும் இடையே 1 மில்லிமீற்றர் இடைவெளி, காந்தத்தின் கீழ் 20 மில்லிமீற்றர் நீளம், பத்தில் ஒரு செக்கனில் 0.2 தெஸ்லா மாற்றம் என்று கொண்டால் 40 மைக்ரோவோல்ற்று கிடைக்கும். காதுக்குப் போகும் சைகை ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று. ஆகவே இது அதில் 2,500 இல் ஒரு பங்கு. அதிலும் கை அசைவு காது கேட்கும் வீச்சுக்குக் கீழேயே இருக்கிறது. வயரைச் சுருட்டி மைக் உள்ளீட்டில் பொருத்தி, அதன் மேல் காந்தத்தை வேகமாக வீசியபோதுதான் பதிவில் சிறு மேடு தெரிந்தது.

அதே சுருளை மின்மாற்றி ஒன்றின் அருகே வைத்ததும் நிலைமை மாறியது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் என்பதால் மின்மாற்றியைச் சுற்றியுள்ள புலம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. மைக் உள்ளீட்டில் அது தெளிவான இரைச்சலாக விழுந்தது. இரு கம்பிகளையும் முறுக்கியபோது இரைச்சல் பெருமளவு அடங்கியது, ஏனெனில் அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படுபவை எதிரெதிராக அமைகின்றன. செப்பு வலை உறை இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணுடைய காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. பணம் கொடுத்து உறையுள்ள வயர் வாங்குமுன் இதை அறிந்திருப்பது நல்லது. ஹெட்போனை ஓட்டும் வயரில் இதே மின்மாற்றி கேட்கத்தக்க எதையும் செய்யவில்லை.

வயரை விட்டுப் பிளக்குகளுக்கு வந்தபோது காந்தம் வேறு வகையில் பயன்பட்டது. நூலில் கட்டிய சிறு காந்தத்தை 3.5 மில்லிமீற்றர் பிளக் ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டு போனேன். நல்ல பிளக்கின் உடல் பித்தளை; பொன் பூச்சின் அடியில் மெல்லிய நிக்கல் படை இருப்பதுண்டு, நிக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால் நூல் மிகச் சிறிதளவு சாய்ந்தது. மலிவான சிலவற்றில் காந்தம் பாய்ந்து ஒட்டிக்கொண்டது, அதாவது உள்ளே உருக்கு. வயர்களிலும் சில இப்படி ஒட்டின. செப்புப் பூசிய உருக்குக் கம்பி அது. உருக்கின் தடைத்திறன் செப்பினுடையதைப் போல் சுமார் ஆறு மடங்கு அல்லது அதற்கும் மேல் என்பதால் நீண்ட வயரில் சத்தம் உண்மையாகவே மெலியும். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய கம்பியைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அதைச் சுரண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உருக்கு என்றால் இந்த ஊரில் துரு. கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு உருக்கு வில் வைத்த ஜாக்கைப் பயன்படுத்துவது வீண்வேலை என்பது என் முடிவு. திருத்த வந்த ஹெட்போன் ஒன்றில் பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் குகைக்குள் ஒலிப்பதைப் போலக் கேட்டன. காந்தக் கொழுவியே காரணம் என்று கொண்டு வந்தவர் நம்பினார். பிளக்கில் இரு காதுகளுக்கும் பொதுவான தொடுகை துருவால் விட்டுப்போனால் இரு காதுகளும் தொடரில் இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். இரு பக்கத்திலும் சமமாகப் பதியப்பட்ட குரல் அதில் அழிந்துவிடும். மல்டிமீற்றரில் அந்தத் தொடுகை நிலையின்றித் தாவியது. பிளக்கை வெட்டி வேறொன்றைப் பற்றவைத்ததும் குரல் திரும்பியது. திருத்தும் அண்ணனுக்கு இதைக் காட்டியபோது, "அப்ப குற்றம் உப்புக்காத்தில, காந்தத்தில இல்ல" என்று ஏற்றுக்கொண்டார்.

ஆனாலும் காந்தத்தை முழுவதும் விடுவிக்க முடியவில்லை. நமது மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, ரூத்தைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல் படிந்திருக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கறுப்பு இல்மனைற்றைக் காந்தப் பிரிப்பானால்தான் மற்றவற்றிலிருந்து பிரிக்கிறார்கள். அங்கிருந்து சிறிது மணல் கொண்டுவந்து தட்டில் பரப்பி, காந்தம் வைத்த இயர்போனை அதன்மேல் கிடத்தினேன். எடுத்தபோது முதுகிலும், ஒலி வெளிவரும் வலையிலும் கறுப்புத் துகள்கள் மீசையாக நின்றன. வலையில் அவை நின்றதற்குக் காரணம் முதுகிலுள்ள காந்தம் மட்டுமல்ல, இயர்போனின் உள்ளேயுள்ள சிறு ஒலிபெருக்கியின் சொந்தக் காந்தமும்தான். வலையின் ஊடாகத் துகளொன்று நுழைந்து, ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் அசையும் ஒடுங்கிய இடைவெளியில் மாட்டினால் ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் உரசல் சத்தம் வரும். காந்த முனையுள்ள மின்னேற்றும் வயரில் இது இன்னும் மோசம்: ஊசிகளுக்கிடையே துகள்கள் தங்கி, உப்பு ஈரத்தையும் பிடித்துவைக்க, 5 வோல்ற்று அழுத்தத்தில் ஊசிகள் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன.

துகள்களை ஊதினால் அவை உள்ளே போகும். வலிமையான வேறொரு காந்தத்தால் இழுத்துப் பார்த்தேன். பாதி வந்தது, மீதி வலையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. ஒட்டுநாடாவை வலையின் மேல் மெதுவாக அழுத்தி உரிப்பதே சிறந்த வழியாக இருந்தது, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி.

கடைசியாக ஒலிபெருக்கியின் முதுகில் நேரடியாகவே நியோடிமியம் காந்தத்தை வைத்தேன். பெரைற்றுக் காந்தமுள்ள பழைய ஹெட்போனில், காந்தத்தைப் புரட்டி வைக்கும்போது ஒலியளவு சற்று மாறியது. எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தது. சுருள் இருக்கும் இடைவெளியின் புலம் கூடிக் குறைவதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. சமநிலை ஆமேச்சர் வகை இயர்போன் ஒன்று கைக்குக் கிடைத்ததும் அதையும் சோதிக்கப்போகிறேன், ஏனெனில் அதன் உள்ளே காந்தங்களுக்கிடையே நிற்கும் மெல்லிய உலோக நாக்கு வெளிப்புலத்தால் ஒரு பக்கம் இழுபடக்கூடியது.