மொனிற்றர் இல்லாத பெட்டியும் மூண்டு வயரும்

மாங்குளத்தில ரியூசன் நடத்துற மச்சானுக்கு ஃபைல் சேர்வர் ஒண்டு தேவைப்பட்டுது, எங்கடை பக்கத்துப் புழுதிக்கு ஃபான் உள்ள பிசி கனகாலம் தாங்காது எண்டு ஃபானே இல்லாத சின்னப் பெட்டி ஒண்டு பழசா எடுத்தனாங்கள். அதில மொனிற்றர் கொழுவுற விஜிஏயும் இல்லை எச்டிஎம்ஐயும் இல்லை, பின்பக்கம், எழுத்தை வயரால அனுப்பி வாங்குற ஒன்பது பின் சீரியல் போர்ட் மட்டும்தான். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதின்ர எஸ்எஸ்டியை கிளிநொச்சியில வீட்டுப் பிசியில கொழுவி, மொனிற்றரைப் பாத்துக்கொண்டே டெபியன் எண்ட லினக்ஸைப் போட்டு, கழட்டிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள பூட்டினன். லைற் எரியுது, நெட்வேர்க்கால உள்ள போற எஸ்எஸ்எச் வரேல்லை, ஆள் இருக்கோ எண்டு கேட்டுப் பாக்கிற பிங்குக்கும் பதில் இல்லை. மச்சான் பக்கத்தில நிண்டு "என்னடா, செத்துப்போச்சே?" எண்டு கேக்கிறான்.

சரி, லப்டொப்பில யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒண்டைக் குத்தி சீரியலால கதைக்கிற மினிகொம் புரோகிராமைத் திறந்தன். ஸ்பீட் 9600 எண்டு கிடந்துது, ஸ்கிறீன் முழுக்க கேள்விக்குறியும் கோணல் எழுத்தும். 115200 ஆக்கினதும் பயோஸ் எழுத்து வடிவா வந்துது, ஆனா நான் அடிக்கிற ஒண்டும் அங்கால போகேல்லை. அரை மணித்தியாலம் கீபோர்ட்டைத் திட்டினாப் பிறகுதான் விளங்கிச்சு, கேபிளுக்குள்ள மூண்டே மூண்டு வயர், மினிகொம்மில ஹார்ட்வெயர் ஃப்ளோ கொன்ட்ரோல் ஓனில இருக்குது, மற்றப்பக்கம் "அனுப்பு" எண்டு சொல்லுற வயரே இல்லாமல் அது பாவம் காத்துக்கொண்டிருக்குது. அதை நிப்பாட்டினதும் சரி. 1960இல வந்த ஆர்எஸ்-232 எண்ட இந்தச் சீரியல் முறை, இண்டைக்கும் ஆளை இப்பிடித்தான் அலைக்கழிக்குது.

பயோஸ் முடிய ஸ்கிறீன் திரும்ப வெறுமை. சீரியலில கதை எண்டு நாங்கள் சொல்லாட்டில் லினக்ஸ் வாயே திறக்காது. திரும்ப எஸ்எஸ்டியைக் கழட்டி, ஏ9 றோட்டால வீட்டை வந்து, லினக்ஸைத் தொடக்கிவிடுற க்ரப்பின்ர ஃபைலில சீரியலைப் போட்டு, லினக்ஸின்ர அடிப்பகுதியான கேர்னலுக்குக் குடுக்கிற வரியில கன்சோல், அதாவது எழுத்துக் காட்டுற இடம், ரெண்டும் எழுதினன், முதல்ல டிடிவைஎஸ்0 (சீரியல்), பிறகு டிடிவை0 (மொனிற்றர்). அடுத்தநாள் மாங்குளத்தில க்ரப் மெனு வந்துது, கேர்னல் வரியள் மளமளவெண்டு ஓடிச்சு, பிறகு கப்சிப்.

பிழை என்ரதான். ரெண்டு கன்சோல் குடுத்தால் கடைசியா எழுதினதுதான் மெயின் கன்சோல், கேர்னலுக்குப் பிறகு மற்றதுகளைத் தொடக்கிவிடுற சிஸ்டம்டி சொல்லுறதெல்லாம் இல்லாத மொனிற்றருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கு. இந்தமுறை வீட்டை ஓடத் தேவையில்லை, க்ரப் மெனுவில 'ஈ' அமத்தி ஒழுங்கை மாத்தினன். எஃப்10 சீரியலால ஒழுங்கா போகேல்லை, கொன்ட்ரோல் எக்ஸ் அடிச்சுத்தான் பூட் பண்ணினது.

அப்பதான் ஆள் உண்மையைக் கக்கிச்சு. சிவப்பு நட்சத்திரம் அங்கையும் இங்கையும் நடக்குது, ஏதோ ஒரு டிஸ்க்குக்கு ஒண்டரை நிமிசம் காத்திருக்குதாம், பிறகு, பிழையைத் திருத்தச்சொல்லி இடையில நிக்கிற எமேஜென்சி மோட். இன்ஸ்டோல் பண்ணேக்க வீட்டுப் பிசியில கிடந்த படம் பாட்டு டிஸ்க்கையும் மவுண்ட் பண்ணச்சொல்லி, அதாவது பூட் ஆகேக்க சேத்துக்கொள்ளச்சொல்லி விட்டிருக்கிறன், அந்த வரி, டிஸ்க் பட்டியல் இருக்கிற எஃப்எஸ்டாப் ஃபைலில அப்பிடியே கிடக்குது! நெட்வேர்க் வர முதலே நிண்டுட்டுது, பிறகெங்க பிங்.

றூட் பாஸ்வேர்ட் அடிச்சு அந்த வரியை அழிச்சன், க்ரப் ஃபைலிலயும் ஒழுங்கைத் திருத்தி ரீபூட் பண்ணினன். லொகின் கேட்டுது. "இவ்வளவுதானே?" எண்டான் மச்சான். அந்தக் கேபிளை இப்ப பெட்டியோடயே ரேப் சுத்தி ஒட்டி வைச்சிருக்கிறன், 115200 எண்டு மேல மார்க்கரால எழுதியும் விட்டிருக்கு.