வெட்டிய பெயர்கள்

அரபியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. ஒருமுறை ஒரு பதிப்பகத்துக்காகத் தபரீ எழுதிய வரலாற்று நூலிலிருந்து சில பகுதிகளை எடுத்துச் செய்தேன். ஹிஜ்ரி 310இல் மறைந்த தபரீ, யார் சொல்லி, யார் வழியாகத் தன்னிடம் வந்தது என்று பெயர்களை அடுக்கிவிட்டுத்தான் செய்திக்கே வருவார். "இந்தப் பெயர்கள் வேண்டாமே, படிக்கிறவர்கள் அலுத்துப்போவார்கள்" என்றார் பதிப்பாசிரியர். எனக்கும் சரியென்றே பட்டது. அறிவிப்பாளர் தொடர்களை எடுத்துவிட்டேன்.

மெய்ப்பில்தான், முஸ்லிம் படை ரோமர்களை வென்ற யர்மூக் போர் இடறியது. ஹிஜ்ரி 13இல் ஒருமுறை நடக்கிறது, 15இல் மறுபடியும் நடக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் ஓரத்தில் பென்சிலால் "எது சரி?" என்று எழுதியிருந்தார். மூலத்தைப் புரட்டினேன். 13 என்பது சைஃப் இப்னு உமர் என்ற பழைய அறிவிப்பாளர் சொல்வது, 15 என்பது இன்னொரு பழைய அறிவிப்பாளரான இப்னு இஸ்ஹாக் சொல்வது. தபரீயிடம் குழப்பமே இல்லை. அவரவர் பேச்சை அவரவர் பெயரில் வைத்திருந்தார். பெயரை வெட்டிக் குழப்பியது நான்.

அப்புறம்தான் இதற்குள் எவ்வளவு பெரிய வழக்கு இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். சைஃப் பலவீனமானவர், அவர் சொல்வதை நம்ப முடியாது என்று ஹதீஸ் அறிஞர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞரான வெல்ஹவுசன் வேறு வழியில் வந்து அதே முடிவைத்தான் தொட்டார். 1950இல் ஷாக்ட் என்ற ஆய்வாளர், தொடர்களே பிற்காலத்தில் முந்தைய தலைமுறைகளின் பெயர்களைச் சேர்த்துப் பின்னோக்கி நீட்டப்பட்டவை என்றார். பின்னால் வந்த மோட்ஸ்கி என்ற ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. ஒரே செய்தியின் பல தொடர்களையும் பல வாசகங்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால், அது எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று கணிக்கலாம் என்று காட்டினார். என் மனம் அவர் பக்கம்தான்.

1977இல் பாட்ரிசியா குரோன், மைக்கேல் குக் என்ற இரு வரலாற்றாய்வாளர்கள் இஸ்லாமிய மூலங்களை அப்படியே ஒதுக்கி, வெளியார் எழுதியதை மட்டும் வைத்து இஸ்லாத்தின் தொடக்கக் கதையைக் கட்டினார்கள். அது எல்லை மீறிய முயற்சி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வெளியார் ஏடுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் அவர்களிடம் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தில் சிரியாக் மொழியில் எழுதிய ஒரு பழைய கிறிஸ்தவ நற்செய்திப் பிரதி இருக்கிறது. அதன் முன்தாளில் யாரோ எழுதிய குறிப்பு பாதி அழிந்து கிடக்கிறது. யர்மூக் பக்கத்து ஊரான கபீதாவில் ரோமர்கள் திரண்டதைச் சொல்கிறது. சிரியாக் கிறிஸ்தவர்கள் எண்ணிவந்த கிரேக்க ஆண்டுக் கணக்கில் 947, ஆகஸ்ட் 20 என்று படிக்கிறார்கள். அதாவது கி.பி. 636, ஹிஜ்ரி 15. முஸ்லிம் அல்லாத ஒருவரின் கிறுக்கல் இப்னு இஸ்ஹாக்கின் ஆண்டோடு வந்து நிற்கிறது! அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பதிப்பாசிரியரிடம் பென்சில் குறிப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள்" என்றார். முதலில் சைஃபின் செய்திக்குப் போனேன். "கதப இலய்யஸ் ஸரீ" என்று தொடங்குகிறது. தபரீக்கு அது காதில் விழுந்த செய்தியில்லை, கடிதத்தில் வந்தது. எழுதினேன்: "ஸரீ எனக்கு எழுதியனுப்பினார், ஷுஐபிடமிருந்து, அவர் சைஃபிடமிருந்து..."